மூன்றாவது யாருக்கு

என் வீட்டுக்காரர் மரத்தில் எதைச் செய்தாலும் மூன்று செய்தார். எங்களுக்கு இருப்பதோ இரண்டு பிள்ளைகள்.

மகன் பெங்களூரில் இருக்கிறான். மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு இரண்டு, எங்கள் வீட்டுக்கு ஒன்று, ஆக மூன்று சரிதானே என்று யாரும் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு என்று எதுவும் வந்து சேரவில்லை. என் அடுப்படியில் கல்யாணத்துக்கு வந்த பழைய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டியேதான் இருந்தது.

இதைச் சந்தேக புத்தி என்று சொல்வார்கள். சொல்லட்டும். தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் இருபது வருடம் செக்கிங்கில் இருந்தவள் நான். தைத்து வரும் ஒவ்வொரு நைட்டியையும் உள்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பதுதான் வேலை. வெளியே பூப்போட்ட துணி அழகாகச் சிரிக்கும். உள்ளே திருப்பினால்தான் நூல் எங்கே அறுந்தது, யார் எங்கே அவசரத்தில் ஒட்டுப்போட்டார்கள் என்பதெல்லாம் தெரியும். இருபது வருடம் துணியைத் திருப்பிப் பார்த்த கைக்கு மனுசர்களை மட்டும் திருப்பாமல் விடத் தெரியவில்லை.

அவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆண்கள் டீக்கடையில் உட்கார்வார்கள், இல்லையென்றால் வீட்டுப் பெண்களிடம் சண்டை பிடிப்பார்கள். இவர் ஸ்கூட்டர் நிறுத்துவதற்காகக் கட்டிய தகர ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்கூட்டர் வெளியே வெயிலுக்கு வந்தது. ஒரு பழைய மோட்டாரை வைத்து மரம் கடையும் லேத் ஒன்றைத் தானே செய்தார். செல்லில் வீடியோ பார்த்து, இழைப்புளி பிடிக்கப் பழகினார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கண்ணுக்கு முன்னால் மாதிரி இல்லாமல் எதையும் செய்ய மாட்டார். மில் புத்தி. அஞ்சறைப்பெட்டி செய்யப்போகிறேன் என்று என் எவர்சில்வர் பெட்டியை வாங்கிக்கொண்டு போனவர் நாலு நாள் திருப்பித் தரவில்லை. உள்ளே இருக்கும் ஏழு கிண்ணமும் ஒரே அளவுதான் என்று சொன்னாலும் கேட்காமல், ஏழையும் தனித்தனியாக வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். நாலு நாளும் நான் கடுகையும் சீரகத்தையும் பேப்பரில் மடித்து வைத்துச் சமைத்தேன். அந்தக் கோபத்தில்தான் ஷெட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன்.

ஷெட்டைக் கூட்டுவது நான்தான். தேக்குத்தூள் மஞ்சளாக இருக்கும், வேம்பின் தூள் நாக்கு நுனியில் கசக்கும், பூவரசு செம்மண் நிறத்தில் வரும். எந்த மரத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கூட்டும்போதே சொல்லிவிடுவேன். அஞ்சறைப்பெட்டியின் மூடிகள் வெயிலில் காய்ந்தபோது எண்ணினேன். மூன்று. சப்பாத்திக் கட்டை மூன்று. மோர் கடைகிற மத்து மூன்று. மகனுக்கும் மகளுக்கும் போனது போக ஒவ்வொன்றிலும் ஒன்று காணாமல் போனது. பேரனுக்குச் செய்த நடைவண்டி மட்டும் ஒன்றே ஒன்றுதான் செய்தார். அதில் எனக்கு ஒரு பெரிய நிம்மதி.

சாமான் காணாமல் போகும் வாரத்தில்தான் அவருக்குத் திடீரென்று பக்தி வரும். "ஆண்டாள் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று வெள்ளிக்கிழமை காலையில் பெரிய பையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் கூப்பிட்டு ஒரு கோயிலுக்கும் வராத மனுசர். பத்தரைக்குப் போனவர் நாலு மணிக்கு வருவார்.

"மத்தியானம் நடை சாத்திருப்பாகளே, அம்புட்டு நேரம் என்ன செஞ்சீக?"

"உக்காந்திருந்தேன்."

"துளசி எங்க? தீர்த்தம் வாங்கும்போது குடுத்திருப்பாகள்ல?"

"வார வழியில விழுந்திருச்சு."

துளசி விழுந்துவிடும். பால்கோவா மட்டும் விழாது. ஒவ்வொரு தடவையும் கால் கிலோ போலப் பால்கோவா கொண்டுவருவார். அதிலும் எனக்கு மூக்கு வியர்த்தது. கடைப் பால்கோவா என்றால் அட்டைப்பெட்டி இருக்க வேண்டும், கடை பெயர் இருக்க வேண்டும். இவர் கொண்டுவந்தது வாழை இலையில் மடித்திருக்கும். சட்டியில் அடிப்பிடித்த ஓரத்தைச் சுரண்டி எடுத்த வாசம் வரும். அந்த ஓரத்தை யாரும் விற்க மாட்டார்கள். செய்கிற வீட்டில் பிரியமானவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில் இப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தேன். மில்லில் அவரோடு வேலை பார்த்தவர்களில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஒருத்தி உண்டு. அவள் பேச்சை வேண்டுமென்றே எடுத்துப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாற்றமே இல்லாமல் இருந்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

இந்த ஆனி மாதம் ஷெட்டில் இரண்டு பலகைகள் ஏறின. நல்ல தேக்கு. கடைசல் வேலை இல்லை, இழைப்பு வேலை. சுருள் சுருளாக நாடா போல விழுந்து கிடந்ததை இரண்டு நாள் கூட்டினேன். மூன்றாம் நாள் அடியில் குட்டையான கால்கள் வந்தன. பலகை முகத்தில் பென்சிலால் தாமரை போட்டிருந்தது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, மணை. பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் கல்யாண மணை, ஜோடியாக.

"யாருக்கு இது?" என்றேன்.

"ஆர்டரு."

"நீங்க எப்பயிருந்து ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சீக? யாரு குடுத்தா?"

"ஒரு ஆளு" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் எதுவும் கேட்க முடியாது. அதற்காகத்தான் போட்டார்.

அன்று சாயங்காலம் அவர் முடி வெட்டப் போன நேரம் பார்த்து ஷெட்டுக்குள் போனேன். மணையைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. உளிகளை நகர்த்தினேன். மூலையில் ஒரு எவர்சில்வர் டப்பா, நிறைய ஆணியும் திருகாணியுமாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு டப்பா கிடையாது. மூடியை மோந்தேன். இரும்பு வாடையையும் மீறி லேசாகப் பால் வாசம். அடிப்பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு எழுத்து வெட்டியிருந்தது.

அந்த எழுத்தை வெட்டச் சொன்னதே நான்தான். இவருடைய தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கியபோது, பாத்திரக்கடையில் நின்று, மாப்பிள்ளை பெயரின் முதலெழுத்தையும் இவள் பெயரின் முதலெழுத்தையும் சொல்லி வெட்டி வாங்கினேன்.

பொம்பளை விவகாரம் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம் உடம்பு லேசானது உண்மை. அடுத்த நிமிஷம் அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஏனென்றால் என் நாத்தனார் வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. நிறுத்தியது நான்.

அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். என் மகள் கல்யாணத்தில் மண்டப வாசலில் வருகிறவர்களுக்குச் சந்தனம் குங்குமம் கொடுக்கிற தட்டு என் நாத்தனார் கையில் இருந்தது. தட்டில் என் வெள்ளிக் குங்குமச்சிமிழை வைத்திருந்தேன். என் அம்மா எனக்குக் கொடுத்தது. மூடியில் இருக்கிற குமிழ், மகன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கீழே போட்டதில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மறுநாள் காலையில் சாமான் எடுத்து வைக்கும்போது தட்டு இருந்தது, சிமிழ் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் என் நாத்தனாரிடம் கேட்டேன்.

"உன் பையில தெரியாம வந்திருக்கும் தாயி. ஒருக்கா பாத்துரு."

நான் தன்மையாகத்தான் கேட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தோளில் இருந்த பையை எடுத்து மண்டபத் தரையில் அப்படியே தலைகீழாகக் கொட்டினாள். சேலை, ரவிக்கை, சீப்பு, தைல பாட்டில், மகளுக்கு எடுத்து வைத்த இரண்டு லட்டு. லட்டு உடைந்து உதிர்ந்தது. சிமிழ் இல்லை. துணிகளை மட்டும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, புருசனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "நீ கேட்டிருக்க வேண்டாம்" என்று இவர் ஒரு வார்த்தை சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

எட்டு மாதம் கழித்து, பரணில் இருந்த மிச்சத் தாம்பூலப் பைகளை எடுத்து உதறியபோது சிமிழ் விழுந்தது. கூட்டத்தில் நானே பத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். சொன்னால் நான் பேசியதெல்லாம் திரும்பி என் மேலேயே விழும். ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி, பெட்டியில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. இவரிடமும்தான். அதன் பிறகு நாத்தனார் மேல் எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. தப்பு நம் பக்கம் இருந்தால் கோபத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டில் நின்றபோது எல்லாம் கூடி வந்தது. மூன்றாவது எங்கே போகிறது என்று தெரிந்தது. மணை யாருக்கு என்றும் தெரிந்தது. நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. இவர் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் பொண்ணை மணையில் உட்காரவைக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாமல், என் முதுகுக்குப் பின்னால், அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து சீரே செய்கிறார்கள். நான் மட்டும் ஆகாதவள். நேரில் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் ஒத்துக்கொள்ளாமல் இந்த வீட்டிலிருந்து மணை போகாது, மாமனும் போக மாட்டார். அந்தக் கல்யாணம் என் கையில் இருக்கிறது என்று நினைத்தபோது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஆணிகளைப் பேப்பரில் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவித் துடைத்தேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணம் திரும்பிப் போகும்போது ஒரு பிடி அரிசியோ, கொஞ்சம் சீனியோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கல் உப்போ உள்ளே இருக்கும். பொம்பளைகளுக்கு இது தானாகக் கைக்கு வரும். ஆம்பிளைக்கு எங்கே தெரியும், ஆணி போட்டு வைத்திருந்தார். நான் தெரிந்தே வெறும் டப்பாவை மூடிப் பையில் வைத்தேன். பார்க்கிறவளுக்குப் புரிய வேண்டும் என்றுதான்.

"கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்றேன் ஷெட் வாசலில் நின்று.

"எந்தக் கோயிலு?"

"ஆண்டாள் கோயிலு. நீங்க மட்டுந்தான் போகணுமா?"

இழைப்புளி நின்றது. "நீ போய்ச் சேரதுக்குள்ள நடை சாத்திருவாகளே."

"உங்களுக்குத் தொறக்குறவக எனக்குத் தொறக்க மாட்டாகளா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. போன் போட்டுச் சொல்லிவிடுவார் என்று தெரியும். அதனால் சார்ஜரில் கிடந்த அவர் செல்லையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, என்னென்ன கேட்பது என்று வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டே போனேன். பத்துப் பன்னிரண்டு கேள்வி தேறியது.

நாத்தனார் வீடு மாடியில். அவள் வீட்டுக்காரர் ஒரு பால்கோவாக் கடையில் மாஸ்டர், அந்நேரம் அடுப்பில் நிற்பார். செங்குத்தான படி. ஏறி முடிப்பதற்குள் கதவு திறந்தது. தலையில் பாதி நரைத்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க மதினி. முட்டு வலி தேவலையா?"

எனக்கு எந்தக் காலத்திலும் முட்டு வலி வந்ததில்லை. "யாரு சொன்னா?" என்றேன்.

"அண்ணந்தான். மூணு வருசமா மதினிக்கு முட்டு வலி, பஸ் ஏற முடியலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. இப்ப மாடியே ஏறி வந்துட்டீகளே."

சிரிக்கிறாளா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"உன் டப்பா எங்க வீட்டுல கெடந்துச்சு."

அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடினாள். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "கோவமாத்தான் வந்திருக்கீக. செத்த நேரம் உக்காருங்க, காப்பி போடுறேன்" என்று அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சந்தேகத்தோடு வந்தவளுக்கு உட்கார முடியுமா?

அடுப்படியில் என் வீட்டுக்காரர் கைவேலை எல்லாம் இருந்தது. அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன், அவள் முதுகு திரும்பியிருக்கும்போது. மஞ்சள்தூள் கிண்ணம் மஞ்சளாகவே ஊறிப்போயிருந்தது. சப்பாத்திக் கட்டை நடுவில் மழமழவென்று தேய்ந்திருந்தது. மத்தில் வெண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. எல்லாம் புழங்குகிற சாமான். என் மகன் வீட்டில் இதே பெட்டியை ஷோகேஸில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

"எல்லாம் நீங்க குடுத்துவிட்டதுதான்" என்றாள் அவள், திரும்பாமல்.

"நானா?"

"ஒவ்வொரு தடவையும் அண்ணன் அப்படிச் சொல்லித்தான் குடுக்கும். 'உன் மதினிதான் தங்கச்சிக்கும் ஒண்ணு செய்யுங்கன்னு சொன்னா, அவதான் குடுத்துவிட்டா'ன்னு. நானும் மதினிக்குக் குடுங்கன்னு பால்கோவா குடுத்துவிடுவேன்."

நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் இதற்கு ஒன்றும் தோதாக இல்லை. இவள் என்னைக் குத்திக்காட்டுகிறாளா, உண்மையிலேயே நம்பிக்கொண்டிருக்கிறாளா? நம்புகிறாள் என்றால் இப்போது நான் "நான் ஒன்றும் கொடுத்துவிடவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வருடமும் பொய்யாகிவிடும். அதற்குத்தானே வந்தேன். வாயைத் திறந்தேன். அப்போதுதான் சாமி அலமாரி கண்ணில் பட்டது.

விளக்குக்குப் பக்கத்தில் மரத்தில் ஒரு குங்குமச்சிமிழ் இருந்தது. பூவரசு. என் வெள்ளிச்சிமிழ் அளவு, அதே வயிறு, அதே கழுத்து. மூடியில் குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கையில் எடுத்து மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. கடைந்த அன்று இருந்தது போலவே வெறும் மரம். மற்றதையெல்லாம் புழங்கியிருக்கிறாள், இதை மட்டும் தொடவில்லை. மறுபடியும் எனக்குள் சந்தேகம் தலை தூக்கியது.

"இத மட்டும் ஏன் புழங்கலை?"

காப்பியை என் கையில் கொடுத்துவிட்டுச் சிமிழை வாங்கிக்கொண்டாள். "இதுதான் மொதல்ல வந்தது. மதினி குடுத்துவிட்டான்னு அண்ணன் சொன்னப்ப எனக்கு ஆங்காரமா வந்துச்சு. என்ன சிமிழ் சிமிழுன்னு குடுத்துவிடுறாகளேன்னு. பொறவு இந்தக் குமிழைப் பாத்தேன். அண்ணன் கண்ணு முன்னால மாதிரி வைக்காம ஒரு குச்சிகூடச் சீவாதே மதினி. சாய்வைக்கூட விடாமச் செஞ்சிருக்கு. அப்போ வெள்ளிச்சிமிழ் கெடைச்சுருச்சுன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எனக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. மாதிரி இல்லாமல் செய்யாத மனுசர். அப்படியென்றால் என் பெட்டிக்குள் இருந்ததை எடுத்துப் பார்த்திருக்கிறார். மூன்று வருடமாக அவருக்கு எல்லாம் தெரியும்.

"மூடியத் தொறந்தேன்" என்றாள். "வெறுமையா இருந்துச்சு. ஒரு பொம்பளை, இன்னொரு கட்டுக்கழுத்தி வீட்டுக்கு வெறும் சிமிழைக் குடுத்துவிடுவாளா? அதுவும் நீங்க குடுத்துவிடுவீகளா? இது நீங்க குடுத்துவிட்டது இல்லைன்னும் அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அம்புட்டையும் வாங்குன?"

"அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. முகமெல்லாம் வேர்த்துப்போய் நிக்கும். நீங்களா இருந்தாலும் வாங்கியிருப்பீக." சிமிழை மூடினாள். "மத்ததெல்லாம் மரச்சாமான், புழங்கிட்டேன். இதுல நானா எப்படிக் குங்குமம் வைக்கிறது?"

நான் அழுதேன். காப்பி டம்ளரை வைக்க இடம் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே அழுதேன். "எட்டு மாசத்துலயே கெடைச்சுருச்சு தாயி. நாந்தான் சொல்லலை."

"சரி."

"தெரிஞ்சவ நீ வந்து என்னைய நாலு கேள்வி கேட்டிருக்கலாம்ல?"

"நான் எதுக்கு மதினி கேக்கணும்? என் பையத்தான் அன்னைக்கே அம்புட்டுப் பேர் முன்னால கொட்டிக் காமிச்சுட்டேனே." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் திருப்பிப் பேச வசதியாக இருந்திருக்கும்.

ஆவணியில் கல்யாணம் என்றாள். ஆடி பிறப்பதற்கு முன்னால், வருகிற வெள்ளிக்கிழமையே முகூர்த்தக்கால் நடுகிறார்கள், சொந்தமெல்லாம் வரும் என்றாள். வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது அதே டப்பாவில் பால்கோவாவை நிறைத்து என் பையில் வைத்தாள். அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம். மன்னித்துவிட்டாளா, இல்லை மரியாதைக்குக் கொடுக்கிறாளா? பஸ்ஸில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். சட்டி ஓரத்துச் சுரண்டல், அடிப்பிடித்தது. மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஷெட்டில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தார். செல்லை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"எங்க போயிட்டு வாரே?" என்றார்.

"கோயிலுக்கு."

"துளசி எங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். பட்டுச்சேலைக்கு அடியில் ரவிக்கைத் துணி இருந்தது. நான் போட்ட முடிச்சு இல்லை அது. துணி மடிப்பில் பூவரசுத் தூள் ஒட்டியிருந்தது. மூன்று வருடமாக அவர் ஷெட்டைக் கூட்டித் தூளை எண்ணிய நான், என் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

சிமிழைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"பட்டு வேட்டி எடுக்கப் போனேன். கையில தட்டுப்பட்டுச்சு" என்றார்.

"அன்னைக்கே என்னையக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன் தங்கச்சிதான் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து வைத்திருப்பாள் என்று சொல்லியிருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் என்னிடம் சொல்வதற்குப் பதிலாக மரத்தைக் கடையப் போயிருக்கிறார். பேச்சை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. மணையைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தேன்.

"இதுல ஒரு கால் ஆடுது. சரி பண்ணுங்க. என் மருமக உக்காரப் போறது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெர்னியரைத் தேடினார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் மணைகளைத் துணியில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டார். நான் பையை மாட்டிக்கொண்டேன். சிமிழை விபூதி போட்டுத் தேய்த்திருந்தேன். பஸ் குலுக்கலில் திறந்துவிடாமல் இருக்க மூடியை மஞ்சள் நூலால் சுற்றிக் கட்டியிருந்தேன். நாத்தனார் வீட்டில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. அன்று மண்டபத்தில் நின்ற அதே முகங்கள்தான் பெரும்பாலும். என்னைப் பார்த்ததும் பேச்சு குறைந்தது. இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று பஸ்ஸில் ஒரு யோசனை இருந்தது. வாசலில் நின்றதும், அது ஆகாது என்று தெரிந்துவிட்டது. கூடத்தின் நடுவில் போய் நின்று, தோளில் இருந்த பையை எடுத்துத் தரையில் தலைகீழாகக் கொட்டினேன். சேலை, சீப்பு, கண்ணாடிக் கூடு, பிரஷர் மாத்திரை, அவளுடைய எவர்சில்வர் டப்பாவில் புது அரிசி. கடைசியாக வெள்ளிச்சிமிழ் விழுந்து உருண்டு ஓடியது.

"என் பையிலதான் இருந்துச்சு தாயி" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

நாத்தனார் சாமி அலமாரிக்குப் போய் மரச்சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். என் எதிரில் தரையில் உட்கார்ந்து வெள்ளிச்சிமிழை எடுத்து, மஞ்சள் நூலை நிதானமாகப் பிரித்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். நான் குங்குமம் நிறைத்துத்தான் வைத்திருந்தேன்.